பரணில் கிடந்த மராண்ட்ஸ் சிடி-60: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

பரண்வாசி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மராண்ட்ஸ் சிடி-60 சிடி பிளேயர் எங்கள் வீட்டுப் பரணில் பதினைந்து ஆண்டுகளாகச் சாக்கு போர்த்திக் கிடந்தது. வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது இறக்கினேன். மின்சாரம் கொடுத்ததும் விளக்கு எரிந்தது. டிரே பாதிவரை வந்து நின்றுவிட்டது. விரலால் இழுத்துவிட்டால் வருகிறது. ஒரு கச்சேரி சிடியைப் போட்டேன், ஓடியது. இடது பக்கம் ஒலி கொஞ்சம் குறைவு, பாட்டு நிற்கும் இடங்களில் மெல்லிய ரீங்காரம்.

மூடியைத் திறந்தால் நடுவில் டிடிஏ1541ஏ, சிடியின் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் ஐசி, உட்கார்ந்திருக்கிறது. அந்த ஐசியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து இரவுத் தூக்கம் போய்விட்டது. என் திட்டம் இது: ஆப்-ஆம்ப்களை (வெளியீட்டிலுள்ள பெருக்கி ஐசிகள்) மாற்றுவது, நேரத் துடிப்பு தரும் கிளாக்கைப் புதிதாகப் போடுவது, அதற்கு முன்னாலிருக்கும் எஸ்ஏஏ7220 டிஜிட்டல் ஃபில்டர் ஐசியைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பது, கடைசியில் வால்வு வைத்த வெளியீட்டுப் பகுதி. கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு சிறிய ஆம்ப்ளிஃபையர் கட்டிய அனுபவம் உண்டு. எதிலிருந்து தொடங்கலாம்?

ஈயக்கோல் (கோவை)

தம்பி, நான்கு ஆசைகளையும் மூன்று நோய்களையும் எழுதியிருக்கிறீர்கள். திட்டத்தில் ஆசைகள் மட்டும்தான் இருக்கின்றன.

டிரே பாதியில் நிற்கிறதென்றால் ரப்பர் பெல்ட் விறைத்துப் பிடிப்பை இழந்துவிட்டது. ரீங்காரம் என்றால் மின்வழங்கியில் கெப்பாசிட்டர் உலர்ந்திருக்கும். இடது பக்கம் குறைவு என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். என் சந்தேகம் வெளியீட்டிலுள்ள மியூட் டிரான்சிஸ்டர் மேல்தான். மின்சாரம் போடும்போதும் நிறுத்தும்போதும் "டப்" என்று சத்தம் வராமல் சிக்னலைத் தரைக்கு இழுத்துப் பிடிக்கும் வேலை அதற்கு. வயதானபின் சிலவற்றில் கசிவு வந்து, பாட்டு ஓடும்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு காலை மட்டும் தூக்கிப் பாருங்கள். ஒலி சரியானால் குற்றவாளி அதுதான். சரியாகிவிட்டதே என்று அப்படியே விட்டுவிடாமல் இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் ஒலிபெருக்கி உதை வாங்கும்.

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. உங்கள் ஊர் சித்திரை வெயிலில் பரண் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அளந்து பாருங்கள். டிடிஏ1541ஏயின் 28ஆம் காலில் +5, 26இல் -5, 15இல் -15 வோல்ட் இருக்க வேண்டும். கறுப்புக் கம்பி 5ஆம் காலின் தரையில். அங்கேயே மல்டிமீட்டரை ஏசிக்கு மாற்றியும் பாருங்கள். லேசருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிரிசெட் (சரிசெய்யும் திருகு) இருக்கும், அதை மட்டும் திருகாதீர்கள். என் மேசைக்கு வந்து சேர்ந்த பாதிக் கருவிகளில் யாரோ அதைத் திருகிவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

பரண்வாசி

நன்றி ஐயா. அளந்தேன். +5.02, -4.98, -15.1. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் ஏசியில் வைத்தால் -15 காலில் மட்டும் 38 மில்லிவோல்ட் காட்டுகிறது. மற்ற இரண்டிலும் ஒன்றிரண்டுதான்.

அலைவரைவு (பெங்களூர்)

அதுதான் ரீங்காரம். மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்ய, அதற்குள் நுழையும் மின்னழுத்தம் வெளியே தர வேண்டியதைவிட சுமார் 2 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். மின்வழங்கியின் ஃபில்டர் கெப்பாசிட்டர் உலர்ந்துவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் நடுவே பள்ளம் ஆழமாகிறது. அது 17 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் ரெகுலேட்டர் கைவிட்டுவிடும். நொடிக்கு 100 முறை இது நடக்கிறது. டிசியில் வைத்த மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதனால் 15.1 என்று சாதுவாக நிற்கிறது.

ஒரு வேண்டுகோள். எதையும் கழற்றுவதற்கு முன் இப்போதிருக்கும் நிலையைக் கணினியில் பதிவு செய்து வையுங்கள். ஒரு சிடி-ஆரில் மூன்று தடங்கள் எழுதுங்கள்: 1 கிலோஹெர்ட்ஸ் முழு அளவில், அதையே -60 டெசிபெல்லில், பிறகு ஒரு நிமிட மௌனம். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம், அது ஒளியை மிகக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், அந்தக் காலத்துக் கருவிகள் படிக்காது. பின்னால் "முன்னைவிட நன்றாக இருக்கிறது" என்று நீங்கள் எழுதும்போது, அந்த முன் எது என்று கேட்க ஏதாவது வேண்டும்.

நிலாமுற்றம் (தஞ்சாவூர்)

எல்லோரும் சேர்ந்து ஆசையைக் கொன்றுவிடாதீர்கள். பழுதுபார்ப்பது கடமை, அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் எஸ்ஏஏ7220ஐ எடுத்த பிறகு என் பிலிப்ஸில் தம்புரா கேட்ட விதத்தை நான் மறக்கமாட்டேன். சுருதி அறையில் தானாக நிற்பது போல இருந்தது.

பரண்வாசிக்கு ஒரு எச்சரிக்கை. அந்த ஐசி ஃபில்டர் வேலை மட்டும் செய்யவில்லை. 11.2896 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அதன் கால்களில்தான் இருக்கிறது. அங்கிருந்துதான் டிகோடருக்கு, அதாவது சிடியிலிருந்து வருவதைப் படித்துப் பிரிக்கும் ஐசிக்கு, கிளாக் போகிறது. அதை உருவிவிட்டால் சிடி சுழலவே சுழலாது. முதல் முறை நான் இரண்டு நாள் மோட்டாரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கிளாக் தருவதற்குத் தனியாக ஓர் ஆசிலேட்டர் வைத்துக்கொண்டு, டேட்டா, பிட் கிளாக், வேர்ட் செலக்ட் என்ற மூன்று கம்பிகளை டிகோடரிலிருந்து நேராக டிடிஏ1541ஏக்கு இழுக்க வேண்டும். டிஜிட்டல் வெளியீடும் அந்த ஐசியிலிருந்துதான் வருகிறது. அதையும் இழப்பீர்கள்.

அலைவரைவு

சகோதரி, தம்புரா நின்றது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபில்டரை எடுத்தால் அதிர்வெண் ஏற ஏற ஒலி தாழும். இது கருத்தல்ல, 44.1 கிலோஹெர்ட்ஸ் படிக்கட்டு அலைக்கு உள்ள கணக்கு. 10 கிலோஹெர்ட்ஸில் 0.75 டெசிபெல், 14இல் 1.5, 20இல் 3.2 டெசிபெல் குறையும். கூடவே 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நிழல் அலைகள் வெளியே வரும். காதுக்குக் கேட்காது, ஆனால் பின்னாலிருக்கும் ஆம்ப்ளிஃபையர் அதை விழுங்கியாக வேண்டும். பிலிப்ஸ்காரர்கள் 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங், அதாவது படிகளை நான்கு மடங்கு நெருக்கமாக்குவது, என்று மெனக்கெட்டது இதற்காகத்தான்.

நிலாமுற்றம்

எனக்கு 52 வயது. 14க்கு மேல் எனக்குக் கேட்பதே சந்தேகம். ஒன்றரை டெசிபெல்லுக்கு நான் அழப்போவதில்லை.

அலைவரைவு

அப்படியென்றால் உங்களுக்குப் பிடித்தது, மேல் ஸ்தாயி மென்மையானது என்றும் இருக்கலாம் அல்லவா? டோன் கன்ட்ரோலைத் திருகினாலும் அது கிடைக்கும்.

நிலாமுற்றம்

டோன் கன்ட்ரோல் இல்லாத ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவளிடம் சொல்கிறீர்கள்.

வடமராட்சியான் (பாரிஸ்)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது அதற்கும் மூத்தது, பிலிப்ஸ் சிடி104. ஞாயிறு பழம்பொருள் சந்தையில் 15 யூரோவுக்கு வாங்கினேன். இதில் டிடிஏ1541ஏக்கு முந்தைய டிடிஏ1540 இரண்டு, 14 பிட். சும்மா தூக்கினாலே தோள் வலிக்கும்.

வந்த நாளில் ஒரு சிடி ஓடும், அடுத்தது ஓடாது. மேசையைத் தட்டினால் ஓடும். நான் லேசர் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் செத்தது போர்டின் இரு பக்கங்களையும் இணைக்கும் துளைகள். அந்தக் காலத்துப் பிலிப்ஸ் போர்டுகளில் துளைக்குள் சின்ன உலோகக் குழாய் போல ஒன்றை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஈயம் வளையமாக வெடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். ஒவ்வொன்றிலும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, மெல்லிய செப்புக் கம்பியை ஊடாக விட்டு இரண்டு பக்கமும் பற்றவைத்தேன். இரண்டு சனிக்கிழமைகள். அதன்பின் இன்றுவரை ஒரு முறைகூட அடம் பிடிக்கவில்லை.

அதன் பிறகுதான் கெட்ட ஆசை வந்தது. வெளியீட்டுப் பகுதியை முழுவதும் பிடுங்கிவிட்டு நானே ஒன்று கட்டினேன். எல்லாம் அருமை. ஒரே ஒரு சிடி மட்டும், 80களில் ஜப்பானில் அச்சானது, காதைக் கிழித்தது. பிறகுதான் தெரிந்தது: சில பழைய சிடிகளில் மேல் அதிர்வெண்களைத் தூக்கிப் பதிவு செய்திருப்பார்கள், கருவி அதைத் திரும்பத் தாழ்த்த வேண்டும், 50/15 மைக்ரோ விநாடி என்பது அதன் அளவு. தாழ்த்தும் அந்தச் சிறு சுற்று நான் பிடுங்கி எறிந்த பகுதியில்தான் இருந்தது. குப்பைத் தொட்டியைக் கிளறி ரெசிஸ்டர்களின் நிறவரிசையைப் படித்துத் திரும்பக் கட்டினேன் அண்ணை, வெட்கம்தான்.

ஈயக்கோல்

வெட்கமில்லை தம்பி. அதைச் சொல்லாமல் மறைக்கிறவர்களால்தான் அடுத்தவனும் அதே குழியில் விழுகிறான்.

பரண்வாசி

ஐயா சொன்னபடியே செய்தேன். -15க்கான ஃபில்டர் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தால், மேலே எழுதியிருக்கும் மதிப்பில் கால்பங்குகூட இல்லை. 40 ரூபாய்க்கு 105 டிகிரி வகையில் புதிது போட்டேன். 38 மில்லிவோல்ட் 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது. மியூட் டிரான்சிஸ்டரின் காலைத் தூக்கியதும் இடது பக்கம் எழுந்து நின்றது! இரண்டும் மாற்றியாகிவிட்டது. மெக்கானிசத்தின் சிறிய பலகையிலிருந்த 33 மைக்ரோஃபாரட்டையும் மாற்றினேன். இப்போது கடைசித் தடத்துக்குத் தாவும்போது தடுமாறுவதில்லை.

டிடிஏ1541ஏயைச் சுற்றி 14 சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவே, அவற்றையும் மாற்றலாமா?

ஈயக்கோல்

வேண்டாம். அவை எலக்ட்ரோலிடிக் அல்ல, உலர்வதற்கு உள்ளே ஒன்றுமில்லை. போர்டில் செப்புத் தடம் பெயர்ந்துவருவதுதான் மிச்சமாகும்.

பரண்வாசி

ஒன்பது நாளாக எழுதவில்லை. காரணம் இருக்கிறது.

+5 வோல்ட்டுக்கு 7805 ரெகுலேட்டர் இருந்தது. நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குப் பதில் எல்எம்317 ரெகுலேட்டரைப் போட்டு, அதன் சரிசெய் காலில் 10 மைக்ரோஃபாரட் வைத்தால் இரைச்சல் இன்னும் குறையும் என்று படித்தேன். இரண்டுக்கும் கால் வரிசை வேறு என்று தெரியும், கவனமாக வளைத்து, உறை போட்டு, மாற்றிப் பொருத்தினேன். அதைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது. ஜன்னல் வேலைக்காரரிடமிருந்து வாங்கிய அலுமினியத் துண்டில் இதையும், பக்கத்திலிருந்த -15 ரெகுலேட்டரையும் சேர்த்து ஒரே திருகில் முடுக்கினேன்.

சுவிட்சைப் போட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு முறை உறுமியது. ஃபியூஸ் போனது. பிறகு ஒரு மணம்.

ஈயக்கோல்

இடையில் மின்காப்புக்கு மைக்கா வைக்கவில்லை.

பரண்வாசி

வைக்கவில்லை ஐயா.

அலைவரைவு

படிப்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன். 7805இன் முதுகுத் தகடு தரை. எல்எம்317இன் தகடு வெளியீடு. எதிர்மின்னழுத்த ரெகுலேட்டர்களான 79 வரிசையிலும் எல்எம்337இலும் தகடு என்பது உள்ளே நுழையும் மின்னழுத்தம். ஆக பரண்வாசி அந்த ஒரே அலுமினியத் துண்டின் வழியாக +5 வோல்ட்டையும் -20க்கு மேலிருக்கும் ஒன்றையும் கைகுலுக்க வைத்திருக்கிறார். எது எது போனது?

பரண்வாசி

இரண்டு ரெகுலேட்டர்களும் போயின. புதிது போட்டேன், இந்த முறை 7805தான், தனித்தனி மைக்காவோடு. மின்னழுத்தம் எல்லாம் வந்துவிட்டது. சிடி சுழலவில்லை. நிலாமுற்றம் அக்கா எழுதியது நினைவுக்கு வந்தது. எஸ்ஏஏ7220இல் விரலை வைத்தேன். முன்பெல்லாம் ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாது, அவ்வளவு சூடு. இப்போது குளிர்ந்து கிடக்கிறது. கிரிஸ்டலிலும் துடிப்பு இல்லை.

டிடிஏ1541ஏ பிழைத்ததா என்று இன்னும் தெரியவில்லை. நேற்று இரவு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நிலாமுற்றம்

கவலைப்படாதே தம்பி, என்னிடம் ஆசிலேட்டர் ஒன்று உபரியாக இருக்கிறது, 5 வோல்ட், அதே 11.2896. அஞ்சலில் அனுப்புகிறேன். செத்த ஐசியைக் கழற்றும்போது உருவ முயலாதே. கால்களை உடலோடு ஒட்டி வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடு. செத்தது செத்ததுதான், போர்டு உயிரோடு இருக்கட்டும். அந்த இடத்தில் 24 கால் சாக்கெட் பொருத்து. மூன்று கம்பிகளையும் கிளாக்கையும் ஒரு செருகியில் கட்டி அந்தச் சாக்கெட்டில் செருகு. பிறகு எப்போதாவது நல்ல 7220 கிடைத்தால் செருகியை எடுத்துவிட்டு ஐசியைப் போடலாம். அலைவரைவு சாரும் சந்தோஷப்படுவார்.

ஈயக்கோல்

என்னிடம் பழைய போர்டு ஒன்றில் 7220 இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். டிடிஏ1541ஏ போயிருந்தால் மட்டும் கடைகளில் தேடாமல் என்னிடம் கேளுங்கள். மேலே கிரீடம் அச்சிட்டது என்று விற்பவற்றில் கிரீடம் நேற்று அடித்ததாக இருக்கும். தேர்ந்தெடுத்த ஐசிகளுக்குப் பிலிப்ஸ் போட்ட அடையாளம் அது. இன்று அதை எவர் வேண்டுமானாலும் போடுகிறார்.

பரண்வாசி

பாடுகிறது!!

டிடிஏ1541ஏ உயிரோடு இருக்கிறது. அக்காவின் செருகியோடு முதல் பாட்டு ஓடியபோது அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்று கேட்டார்கள். ஐயா அனுப்பிய 7220உம் வந்துவிட்டது, அதுவும் வேலை செய்கிறது. இப்போது ஒரே கருவியில் இரண்டும் இருக்கிறது.

ஆப்-ஆம்ப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை போனபோது ரிச்சி தெருவில் ஓபிஏ2134 என்று இரண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து தங்கையின் நகச்சாயம் நீக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அவற்றைப் போடவில்லை, பழையவையே இருக்கின்றன.

வடமராட்சியான்

நல்லதுதான். நான் வேகமான ஆப்-ஆம்ப் போட்டேன், எல்எம்4562, அசல்தான். விரல் வைத்தால் கொதித்தது. பழைய போர்டின் நீண்ட தடங்களில் அது தானாக அலைபாய்ந்துகொண்டிருந்திருக்கிறது. மின்வழங்கிக் கால்களை ஒட்டி 100 நானோஃபாரட் வைத்ததும் அடங்கியது. அதற்கு முன் ஒரு வாரம் அந்தக் கோலத்தில் கேட்டு, "எவ்வளவு தெளிவு!" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அலைவரைவு

பரண்வாசி, இப்போது அந்தப் பதிவுகளை எடுங்கள். செருகியோடு ஒன்று, 7220ஓடு ஒன்று. செருகியை மாற்றிவிட்டு மூன்று நிமிடம் கழித்துக் கேட்டு ஒப்பிடுவதில் பயனில்லை. இரண்டையும் கணினியில் பதிவு செய்து, 1 கிலோஹெர்ட்ஸில் ஒலியளவை 0.1 டெசிபெல்லுக்குள் சமமாக்கி, எது எது என்று தெரியாமல் தங்கையைப் போடச் சொல்லுங்கள். 16 முறை. 12க்குக் குறைந்தால் குருட்டு அதிர்ஷ்டத்தோடு சேர்த்துவிடலாம்.

பரண்வாசி

செய்துவிட்டேன். தங்கை நூறு ரூபாய் கூலி கேட்டாள்.

வாய்ப்பாட்டு, தம்புரா: 16இல் 9. ஜாலரா பலமாக ஒலிக்கும் பஜனைப் பதிவு: 16இல் 14. செருகியில் ஜாலரா சற்று அடங்கி ஒலிக்கிறது. அலைவரைவு சாரின் கணக்கு காதிலேயே கேட்கிறது. ஆனால் எனக்கு அந்த அடக்கம் பிடித்திருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன்.

பழைய பதிவோடும் ஒப்பிட்டேன். மௌனத் தடத்தில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் முன்பு இருந்ததைவிட 30 டெசிபெல் இறங்கியிருக்கிறது. அந்த 40 ரூபாய் கெப்பாசிட்டர் செய்தது. 7220ஐ அக்காவின் ஆசிலேட்டரோடும், அதற்கெனப் புதிதாக வாங்கிய கிரிஸ்டலோடும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தேன். என் சவுண்ட் கார்டில் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரே கோடுதான்.

நிலாமுற்றம்

தம்புராவில் 9தானா? என் வீட்டுக்கு வந்து கேள்.

(பரவாயில்லை. நானும் தங்கையைக் கூப்பிட்டுச் செய்து பார்க்கிறேன். முடிவை எழுதுவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.)

பரண்வாசி

மீதி 3,700 ரூபாய் இருக்கிறது. வால்வு வெளியீட்டுப் பகுதியைப் பற்றி ஐயா ஒன்றும் சொல்லவில்லையே?

ஈயக்கோல்

5 வோல்ட்டையும் -20ஐயும் ஒரே தகட்டில் முடுக்கியவர் அதே பெட்டிக்குள் 200 வோல்ட்டைக் கொண்டுவர வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தனிப் பெட்டியில் கட்டுங்கள், தனி டிரான்ஸ்ஃபார்மரோடு. மராண்ட்ஸைத் தொடாதீர்கள். இன்னொன்று, டிடிஏ1541ஏ தரும் மின்னோட்டம் 4 மில்லிஆம்பியர். அது தன் வெளியீட்டுக் காலில் 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏற்றத்தாழ்வைத் தாங்காது. நேராக ஒரு ரெசிஸ்டரை வைத்து வால்வுக்குக் கொடுத்தால் உருக்குலைவு கூடும். ஆப்-ஆம்ப் இருக்கட்டும், அதற்குப் பின்னால் உங்கள் வால்வை வையுங்கள்.

அது கிடக்கட்டும். டிரே பெல்ட் மாற்றினீர்களா?

பரண்வாசி

இல்லை ஐயா. இன்னும் விரலால்தான் இழுக்கிறேன்.